தசைச் சிதைவு நோய்: காரணமும் பராமரிப்பும்

பிறந்து ஓராண்டு இரண்டாண்டு வரை மற்றக் குழந்தைகளிலிருந்து அதிக வேறுபாடின்றி வளர்ந்துவந்த ஓர் ஆண் குழந்தை, மூன்று நான்கு வயதில் அடிக்கடி இடறி விழுவதும், மாடிப்படி ஏறத் திணறுவதும், தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் கைகளை மாறிமாறி ஊன்றி எழுவதும், கெண்டைக்கால் பருத்திருந்தும் பலமற்றிருப்பதும், பன்னிரண்டு வயதையொட்டி நடையை அறவே இழப்பதும் எதனால் என்னும் வினா, வைத்திய சாஸ்திரத்தின் முன் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக நின்றுவருகிறது. காரணம் எதுவாயினும் அக்குழந்தைக்குச் செய்யத்தக்கது யாது என்பது அதனோடு பிணைந்த மற்றொரு வினா. முதல் வினாவுக்கு 1987-ஆம் ஆண்டில் பெரும்பாலும் ஐயமற்ற விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்குக் கிடைத்த விடைகளோ, அந்த விடையின் வெளிச்சத்தில் பிறந்தவை சிலவும் அதைச் சாராமலே பிறந்தவை பலவுமாக, இன்றும் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டிருக்கின்றன.

தசைச் சிதைவு நோய் என்பது தனியொரு வியாதியன்று. முகத்தையும் தோளையும் புயத்தையும் பற்றும் வகை ஒன்று. இறுக்கிய கையை உடனே விரிக்க இயலாமற் செய்வதும் பெரியவர்களிடையே மிகுதியாகக் காணப்படுவதுமான மயோடோனிக் வகை ஒன்று. இடுப்பையும் தோளையும் சார்ந்த தசைகளைப் பற்றும் வகைகள் பல. பிறவியிலேயே தோன்றுபவை சில. இவற்றுள் மிக விரிவாக ஆராயப்பட்டதும், 3,500 முதல் 5,000 ஆண் பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் நேர்வதுமான டூஷென் வகையே இங்குப் பெரிதும் பேசப்படுகிறது. அதைப் பற்றிய முடிவுகளை மற்ற வகைகளுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும்.

நரம்பின் நோயா, தசையின் நோயா?

1836-ல் நேபிள்ஸ் நகரில் சகோதரர் இருவரிடம் இந்நோயைக் கண்டு எழுதிய கோன்டே, ஜோயா என்னும் வைத்தியர்கள், அக்காலத்தில் விளங்காத பல வியாதிகளுக்கும் காரணமாகச் சொல்லப்பட்டுவந்த கண்டமாலையின் ஒரு வடிவமாகவே இதைக் கருதினர். முதன்முதலில் சரியான திசையைக் காட்டியவர் லண்டன் வைத்தியரான எட்வர்ட் மெரியன் என்றே சொல்லவேண்டும். மூன்று குடும்பங்களைச் சேர்ந்த எட்டுச் சிறுவர்களை ஆராய்ந்து 1851-52-ல் அவர் வெளியிட்ட முடிவு, மரித்த சிறுவனின் தண்டுவடத்தில் யாதொரு குறையும் இல்லை, தசை இழைகளைப் போர்த்திய சவ்வே சிதைந்திருக்கிறது, ஆகையால் இது நரம்பின் நோயன்று என்பது. ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து எலெக்ட்ரான் நுண்ணோக்கி எதைக் காட்டியதோ அதைச் சாதாரண நுண்ணோக்கியைக் கொண்டே அவர் ஊகித்துவிட்டார். ஆயினும் நோய் அவர் பெயரைப் பெறவில்லை.

பெயர் பெற்றவர் பாரிஸ் நகரத்து டூஷென். 1861-ல் அவர் இதைப் பற்றி எழுதியபோது மூளையே காரணமென்று நினைத்தார். பின்னர், உயிரோடிருப்பவரின் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்துவரத் தாமே ஓர் ஊசிக் கருவியை அமைத்து, 1868-ல் பதின்மூன்று சிறுவர்களின் விவரத்தை வெளியிட்டபோது அக்கருத்தைக் கைவிட்டார். 1879-ல் இங்கிலாந்தின் கவர்ஸ், பலர் எழுதிவைத்திருந்தவற்றையும் சேர்த்து இருநூறுக்கு மேற்பட்ட நோயாளிகளின் சரித்திரங்களைத் தொகுத்து, நோய் தாய்வழியே ஆண் மக்களைச் சேர்வதை வற்புறுத்தினார். கையை ஊன்றி எழும் அந்த அடையாளம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தசையே மூலஸ்தானம் என்னும் கொள்கையை நிலைநாட்டி, இந்நோய்களையெல்லாம் ஒரே தலைப்பின் கீழ் வகைப்படுத்தியவர் ஜெர்மனியின் எர்ப். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் விவகாரம் தீர்ந்துவிட்டதென்றே பலரும் எண்ணியிருக்கக்கூடும்.

அது தீரவில்லை. 1959-ல் ஜப்பானைச் சேர்ந்த எபாஷியும் அவருடைய சகாக்களும், தசைக்குள் இருக்கவேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி இந்நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருப்பதைக் கண்டனர். அது தசையின் சுவர் ஒழுகுகிறது என்பதற்குச் சான்று. ஆனால் சுவர் ஏன் ஒழுகவேண்டும்? இதற்கு விடையாக 1970-களில் மூன்று அனுமானங்கள் எழுந்தன.

தசையை இயக்கும் நரம்பணுவே நலிந்திருக்கிறது என்றார் மெக்கோமஸ். மின்னியல் முறையால் இயக்க அலகுகளை எண்ணி அவர் வந்த முடிவு அது. ஆனால் சிதைந்த தசையில் அந்த எண்ணும் முறையே நம்பத்தக்கதன்று என்னும் ஆட்சேபத்திலிருந்து அது மீளவில்லை. தசைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் குறையே காரணம் என்றது இரண்டாவது கட்சி. பிராணிகளின் சிறு தமனிகளை அடைத்தபோது இந்நோயில் காண்பதைப் போன்ற திட்டுத்திட்டான சிதைவு தோன்றியது அவர்களுடைய பலம். நோயாளிகளின் குழாய்களில் அப்படிப்பட்ட அடைப்பு எதையும் காட்ட முடியாதது பலவீனம். மூன்றாவது கட்சி, மெரியனின் பழைய கருத்துக்கே திரும்பிச் சென்றது. 1975-ல் மோக்ரியும் ஏங்கலும், அழியாத இழைகளிலும் சவ்வில் ஆங்காங்கே கிழிசல்கள் இருப்பதைக் காட்டினர். ஆனால் கிழிசல் நோயின் காரணமா, விளைவா என்பதை அவர்களாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

1987: கிடைத்த விடையும் கிடைக்காத விடையும்

தீர்ப்பு வேறொரு சாஸ்திரத்திலிருந்து வந்தது. அபூர்வமாக இந்நோய் கண்ட சில பெண்களின் எக்ஸ் குரோமோசோம், ஒரு குறிப்பிட்ட இடத்தில் முறிந்து வேறொரு குரோமோசோமுடன் ஒட்டியிருப்பது கண்டறியப்பட்டது. அந்த இடத்தைத் துருவிச் சென்ற பாஸ்டன் நகரத்துக் குன்கெலின் குழு, 1986-ல் மரபணுவின் பகுதிகளையும், 1987-ல் அம்மரபணுவின் கட்டளைப்படி உண்டாகும் புரதத்தையும் கண்டு, அதற்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயரிட்டது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளும், எக்ஸான் எனப்படும் 79 குறியீட்டுத் துண்டுகளும் கொண்ட அம்மரபணு, மனித மரபணுக்களுள் மிக நீண்டவற்றுள் ஒன்று. அத்தனை நீளமாயிருப்பதே அதில் அடிக்கடி பிழை நேர்வதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பந்தலின் மேற்கட்டையும் காலையும் பிணைக்கும் கயிற்றைப் போல, தசை இழையின் உள்ளே சுருங்கி விரியும் கட்டமைப்பை வெளிச்சவ்வோடு பிணைத்துவைப்பது டிஸ்ட்ரோஃபின். அது இல்லாதபோது ஒவ்வொரு சுருக்கமும் சவ்வைச் சேதப்படுத்துகிறது.

1955-ல் பெக்கர் விவரித்த, இதையொத்ததாயினும் மெதுவாக முற்றும் வகையும் இதே மரபணுவின் பிழைதான் என்பதும் விளங்கிற்று. மரபணுவின் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுபவை. விடுபட்ட எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபடுமாயின், நடுவில் ஒரு துண்டு குறைந்தாலும் எஞ்சியது பொருளுடையதாகிப் பெக்கர் வகையாக முடிகிறது. வகுபடாவிடில் அதன் பிறகு வருவதெல்லாம் பொருளற்றுப்போய் டூஷென் வகை உண்டாகிறது. 1988-ல் வெளியான இவ்விதிக்கு விலக்குகள் இல்லாமலில்லை; எனினும் பிற்காலத்துச் சிகிச்சை யுக்திகள் பலவும் இதிலிருந்தே கிளைத்தவை. 1990-ல் விவரிக்கப்பட்ட ஒரு பெக்கர் நோயாளி, மரபணுவின் குறியீட்டில் ஏறத்தாழப் பாதியே இல்லாமலும் 61-ஆம் வயதில் நடந்துகொண்டிருந்தார் என்பது அந்த யுக்திகளுக்கெல்லாம் மூலாதாரமான நம்பிக்கையை அளித்தது.

ஆயினும் டிஸ்ட்ரோஃபின் இன்மையிலிருந்து தசையின் மரணம் வரையுள்ள வழி முழுதும் துலங்கிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. சவ்வு கிழிவதே போதிய காரணமா, அதன் வழியே புகும் கால்சியமா, தொடர்ந்து வரும் அழற்சியா, தசையைப் புதுப்பிக்கும் மூல அணுக்களின் இயலாமையா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலிகள் மனிதக் குழந்தைகளைவிட எவ்வளவோ நலமாக வாழ்கின்றன. எலியில் பலித்த மருந்துகள் பல மனிதரிடம் பலிக்காமற்போனதற்கு இது ஒரு காரணமாகலாம். தோற்றதாகக் கருதப்பட்ட இரத்தக் குழாய்க் கொள்கைகூட வேறு வேஷத்தில் மீண்டும் வந்தது: உழைக்கும் தசைக்கு இரத்தத்தை மிகுதியாக வரவழைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்கும் நொதி, டிஸ்ட்ரோஃபின் இல்லாதபோது தன் இடத்தைவிட்டு விலகிவிடுவதாக 1990-களில் தெரியவந்தது. அதைச் சரிக்கட்ட முயன்ற மருந்து ஒன்று சோதனையில் தோற்றது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

பரம்பரை பற்றிய கருத்துகள்

நோய் தாய்வழி வருவது என்ற உண்மை, குடும்பங்களில் தாயின் மேல் பழியாக மாறிவிடுவதுண்டு. விஞ்ஞானம் அப்பழிக்கு இடம் தருவதில்லை. இளமையிலேயே உயிரைப் பறிக்கும் எக்ஸ் குரோமோசோம் நோய் தலைமுறைதோறும் குறையாமல் நீடிக்கவேண்டுமானால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளிடம் பிழை புதிதாகத் தோன்றியிருக்கவேண்டும் என்று, பிற்காலத்தில் இந்தியாவையே தம் நாடாக ஏற்றுக்கொண்ட ஹால்டேன் 1930-களிலேயே கணக்கிட்டுக் காட்டினார். எஞ்சியோரின் தாய்மார்கள் பிழையைத் தாங்கி நிற்பவர்கள். அவர்களுட் சிலருக்கு இதயத் தசை பலவீனப்படக்கூடும் என்பதால், அவர்களும் பரிசோதனைக்குரியவர்களேயன்றிப் பழிக்குரியவர்களல்லர்.

மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில், உறவுமணமே இந்நோய்க்குக் காரணமென்று பரவலாகச் சொல்லப்படுகிறது. டூஷென் வகையைப் பொறுத்தமட்டில் இது பொருந்தாது. தாயிடமிருந்து வரும் ஒரு பிழையே போதுமாதலால், தந்தை உறவினரா அந்நியரா என்பது பொருட்டன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்தாலன்றித் தோன்றாத இடுப்பு-தோள் வகைகள் பலவற்றிலும், பிறவி வகைகள் சிலவற்றிலும்தான் உறவுமணம் உண்மையாகவே அபாயத்தை மிகுவிக்கிறது. எந்த வகை என்பதை மரபணுப் பரிசோதனையால் உறுதிசெய்யாமல் குடும்பத்துக்கு ஆலோசனை கூறுவது தகாது.

மூலத்தைத் திருத்த முயன்ற மார்க்கங்கள்

மரபணு தெரிந்துவிட்டதால் சிகிச்சையும் அருகில்தான் என்னும் உற்சாகம் 1990-களில் நிலவியது. முதலில் வந்தது, நலமுள்ள உறவினரின் தசை அணுக்களை நோயாளியின் தசையில் ஊசியால் செலுத்தும் முறை. பன்னிரண்டு சிறுவர்களிடம் ஒழுங்காக நடத்தப்பட்டு 1995-ல் வெளியான சோதனையில் அதனால் பலம் கூடவில்லை.

அடுத்தது, பிழையையொட்டிய ஓர் எக்ஸானைப் படிக்காமல் தாண்டச் செய்து, டூஷென் வகையைப் பெக்கர் வகையாக மாற்றும் யுக்தி. சாஸ்திரீயமாக அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் 51-ஆம் எக்ஸானைத் தாண்டவைக்கும் எடெப்லிர்சென், நோயாளிகளுள் ஏறத்தாழ 13 சதவிகிதத்தினருக்கே பொருந்தக்கூடியது. பன்னிரண்டு சிறுவர்களின் ஆதாரத்தின் மேல் அதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-ல் அனுமதித்தபோது, மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிகிச்சைக்குப் பின்னும் தசையில் இருந்த டிஸ்ட்ரோஃபின் இயல்பான அளவில் ஒரு சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மை எதிராக இருந்தும், பெற்றோரின் வேண்டுகோள்களுக்கிடையே அனுமதி அளிக்கப்பட்டது. ஐரோப்பிய நிறுவனமோ 2018-ல் மறுத்தது. ஒரே ஆதாரத்தை இரு நிபுணர் சபைகள் இருவிதமாக எடைபோட்டதில், பிழை யாருடையதென்று சொல்வது எளிதன்று. வேறு மருந்து இல்லாத நிலையில் சிறு நம்பிக்கையையும் மறுக்கலாகாது என்பது ஒரு நியாயம். நிரூபணமாகாததைப் பெருவிலைக்கு விற்க இடமளித்தால் நிரூபணத்தைத் தேடுவாரே இல்லாமற்போவர் என்பது மற்றொன்று. இரண்டாவது நியாயமே வலிவுடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, மரபணுவையே உட்செலுத்துவது. அதைச் சுமந்துசெல்லும் வைரஸ் தாங்கக்கூடிய அளவைவிட டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் குறியீடு பலமடங்கு நீண்டதாகையால், அதைச் சுருக்கிய ஒரு சிறு வடிவமே செலுத்தப்படுகிறது. எலிவிடிஸ் என்னும் அத்தகைய மருந்து, 2023-ல் நான்கு ஐந்து வயதுச் சிறுவர்களுக்கென அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஒருமுறை செலுத்த 32 லட்சம் டாலர் விலை. 125 சிறுவர்களைக் கொண்ட அதன் பெரிய சோதனை, இயக்கத் திறனை அளக்கும் பிரதான அளவுகோலில் வெற்றிபெறவில்லை; ஆயினும் துணை அளவைகளில் தெரிந்த சிறு அனுகூலங்களைக் கருதி 2024-ல் அனுமதி விரிவாக்கப்பட்டது. 2025-ல், நடையிழந்த சிறுவர் இருவர் கல்லீரல் செயலிழந்து மரித்ததும், நடக்க இயலாதவர்களுக்கு இம்மருந்து அளிப்பது நிறுத்தப்பட்டது. ஒருமுறை செலுத்திய பின் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் தோன்றிவிடுவதால், பலன் தேய்ந்தால் மீண்டும் செலுத்த இயலாது; பலன் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதும் காலமே சொல்லவேண்டியது.

இவற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு, மூல அணுச் சிகிச்சை என்று நம் நகரங்களில் விளம்பரமாகும் ஊசிகளை இவற்றோடு சேர்த்து எண்ணவே கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இந்நோய்க்கு அவற்றைச் செய்வதை ஏற்கவில்லை.

ஆயுளை நீட்டிய பராமரிப்பு

இத்தனை ஆரவாரத்துக்கும் அப்பால், நோயாளிகளின் ஆயுள் உண்மையிலேயே நீண்டிருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்து வைத்தியர்கள் 2002-ல் வெளியிட்ட கணக்கின்படி, 1960-களில் சராசரியாக 14.4 வயதில் நேர்ந்த மரணம், 1990-க்குப் பின் சுவாசக் கருவியின் உதவி பெற்றவர்களிடையே 25.3 வயதுக்குத் தள்ளிப்போயிருந்தது. எடெப்லிர்செனோ எலிவிடிஸோ பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, இரவில் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் ஒரு கருவியும், நோயாளியை விடாது கவனித்துவந்த ஒரு வைத்தியக் குழுவும் சேர்ந்து இதைச் சாதித்தன. பகலில் மூச்சுத்திணறலே இல்லாதபோதும், இரவில் சுவாசம் ஆழமற்றுப் போவது முதலில் நேர்கிறது. காலைத் தலைவலி, கலங்கிய உறக்கம், பசியின்மை ஆகியவை அதன் குறிகள். அத்தகைய நோயாளிக்கு அவசரத்தில் பிராணவாயுவை மட்டும் கொடுத்து, வெளியேறாத கரியமில வாயுவைக் கவனியாமல் விடுவது ஆபத்தானது என்பதைச் சிறிய ஊர்களின் மருத்துவமனைகளும் அறிந்திருக்கவேண்டும். சளியை வெளிக்கொணர இருமலுக்கு உதவும் முறைகளும் அவ்வளவே முக்கியமானவை.

இதயத்தைப் பற்றிய ஆதாரம் இன்னும் தெளிவானது. பிரான்ஸில் இதயம் இன்னும் கெடாத 57 சிறுவர்களை இரு குழுவாக்கி, பெரிண்டோப்ரில் என்னும் சாதாரண இரத்த அழுத்த மருந்தை ஒரு குழுவினருக்கு உடனேயும் மற்றக் குழுவினருக்கு மூன்றாண்டு கழித்தும் கொடுத்துப் பார்த்தனர். பத்தாண்டு முடிவில் முதற்குழுவில் 28 பேரில் 26 பேரும், இரண்டாவதில் 29 பேரில் 19 பேரும் உயிரோடிருந்தனர். சிறு ஆய்வுதான், ஆனாலும் மலிவான ஒரு மாத்திரையின் பயனாக இது சாமானியமானதன்று.

ஸ்டீராய்டு மருந்துகள் விவாதத்துக்கு அதிகம் இடமளிப்பவை. 1974-ல் தொடங்கிய ஐயத்துக்கிடமான சான்றுகளுக்குப் பின், 103 சிறுவர்களிடம் நடந்து 1989-ல் வெளியான சோதனை, பிரெட்னிசோன் ஆறு மாதத்தில் பலத்தைக் கூட்டுவதை நிரூபித்தது. பின்னர் நெடுங்காலம் கவனித்ததில், நடையும் கையின் திறனும் இழக்கப்படும் வயது இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை தள்ளிப்போவதாகத் தெரிகிறது. முதுகு கோணுவதும் குறைகிறது. ஆனால் உடல் பருமன், வளர்ச்சிக் குறைவு, எலும்பு முறிவு, கண்புரை, சுபாவ மாறுதல் ஆகிய விலைகளும் உண்டு. பத்து நாள் கொடுத்துப் பத்து நாள் நிறுத்தும் முறை இவ்விலையைக் குறைக்குமென்று பலர் கைக்கொண்டிருந்தனர். 2022-ல் வெளியான ஒப்பீடு, தினந்தோறும் கொடுப்பதே மேலென்று காட்டிற்று. எம்முறையாயினும், மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே அபாயம் என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்தில் கொடுக்கவேண்டும். பக்க விளைவு குறைந்ததாகச் சொல்லப்படும் வாமொரோலோனும், ஸ்டீராய்டு அல்லாத கிவினோஸ்டாட்டும் 2023-24-ல் அமெரிக்க அனுமதி பெற்றவை; அவற்றின் நெடுங்காலப் பயன் இனித்தான் தெரியவேண்டும்.

ஓய்வா, பயிற்சியா என்னும் பழைய வழக்கும் முற்றிலும் தீரவில்லை. கடும் பயிற்சி சவ்வைக் கிழிக்கும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகக் குழந்தையைப் படுக்கையில் கிடத்துவது அதைவிடக் கேடானது. சில வாரப் படுக்கை நடையையே பறித்துவிடக்கூடும். நெதர்லாந்தில் முப்பது சிறுவர்களைக் கொண்டு, உதவியுடன் இயங்கும் சைக்கிள் பயிற்சியை ஆராய்ந்து 2013-ல் வெளியான சோதனை, மிதமான இயக்கத்துக்கு ஆதரவாக நிற்கிறது. களைப்பும் வலியும் வராத அளவுக்கு நீந்துவது, தினமும் குதிகால் தசைநாணை நீட்டிவிடுவது, இரவில் பாதத்தைத் தாங்கும் பட்டைகள் அணிவது ஆகியவற்றில் இன்று பெரும்பாலும் கருத்தொற்றுமை உண்டு.

இந்தியாவின் நிலை

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச் சிதைவு நோயைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. தமிழ்நாடு அரசு இந்நோயாளிகளுக்கு மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகை வழங்கிவருகிறது. 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையோ, டூஷென் வகையை, விலை மிகுந்த சிகிச்சையின் பலனுக்கு நெடுங்கால ஆதாரம் போதாத நோய்களின் பிரிவில் வைத்திருக்கிறது. சுவாசக் கருவியையும் இதய எக்கோ பரிசோதனையையும் பெற முடியாத ஒரு குடும்பத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாய் மருந்தைப் பற்றிய வழக்குகளால் என்ன பயன் என்று கேட்போரும், இந்தியக் குழந்தை மட்டும் ஏன் புதிய மருந்தை இழக்கவேண்டும் என்று கேட்போரும் இருக்கின்றனர். இரு சாரார் கேள்விகளும் நியாயமானவையே. ஆனால் பொதுப்பணம் முதலில் செல்லவேண்டிய இடம் அடிப்படைப் பராமரிப்பே என்பதற்கு ஆதாரம் தெளிவாக இருக்கிறது.

தீராது எஞ்சியவை

முற்றிலும் குணப்படுத்த இயலாத நோயைக் குறி தோன்றுமுன் அறிவது நன்றா என்னும் வினா இன்னும் திறந்தே இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் 1990 முதல் 2011 வரை பிறந்த ஆண் குழந்தைகளைப் பரிசோதித்துப் பின்னர் நிறுத்திவிட்டனர். சிகிச்சைகள் முன்னேறுந்தோறும் இவ்விவாதம் மீண்டும் மீண்டும் எழும். தசைக்குள் எத்தனை சதவிகித டிஸ்ட்ரோஃபின் இருந்தால் நடை நிலைக்கும், சிதைந்து கொழுப்பாகிப்போன தசையை எந்த மருந்தாவது மீட்குமா, மூளையிலும் இருக்கவேண்டிய டிஸ்ட்ரோஃபின் இல்லாததால் சில சிறுவர்களிடம் காணும் கல்விக் குறைபாட்டுக்கு என்ன செய்வது, முப்பது வயதைத் தாண்டி வாழும் நோயாளிகளுக்கு வேலையும் துணையும் எப்படி அமையும் ஆகியவற்றுக்கும் இன்று யாரிடமும் நிச்சயமான விடை இல்லை.

ஐயத்துக்கிடமில்லாத ஒன்றும் உண்டு. பதினெட்டு மாதமாகியும் நடக்காத ஆண் குழந்தைக்கும், எழும்போது தொடையில் கையூன்றும் சிறுவனுக்கும், கல்லீரல் நொதிகள் காரணமின்றி மிகுந்திருப்பதாகக் கூறிக் கல்லீரல் வைத்தியரிடம் அனுப்பப்படும் சிறுவனுக்கும், முதலில் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் பார்க்கவேண்டும். மாவட்டத் தலைநகரின் பரிசோதனைச் சாலைகளிலேயே அது கிடைக்கிறது. குழந்தை வைத்தியர்கள் அதை எழுதிக்கொடுக்கத் தயங்கலாகாது. அவர்கள் எழுதாவிடில் பெற்றோரே கேட்டு வாங்கவேண்டும்.